விதிநூலும் வேலைநீக்கமும்

"விதியை மீறியவரை வேலையிலிருந்து நீக்குவதில் அநீதி எங்கே இருக்கிறது?" என்று எமது விடுதியில் நிகழ்ந்த உரையாடலொன்றில் நண்பர் ஒருவர் கேட்டார். அங்கிருந்தோரிற் பெரும்பாலோர் அவர் பக்கமே நின்றனர். ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டவர் அதற்குக் கட்டுப்பட்டவர். கட்டுப்பட மறுப்பவர் வெளியேற வேண்டியவர். இதிற் சிந்திப்பதற்கு என்ன உண்டு என்பதே அவர்கள் கருத்து.

ஆனால் அது ஒரு கேள்வியன்று. இரு கேள்விகள் ஒன்றாக வைத்துத் தைக்கப்பட்டுள்ளன. விதி மீறப்பட்டதா என்பது முதலாவது. அம்மீறல் ஒரு மனிதரின் சீவனோபாயத்தைப் பறிப்பதற்குத் தகுந்ததா என்பது இரண்டாவது. முதலாவது கேள்விக்கு ஆம் என்று விடை கிடைத்தவுடன் இரண்டாவதற்கும் அதுவே விடையென்று கொள்வது தொழில்தருநருக்கு வசதியானது. தொழிலாளிக்கு அது வாழ்வின் முடிவு. இவ்விரு கேள்விகளையும் பிரித்து நோக்குவதே தொழிற்சட்டத்தின் வரலாறு எனினும் தவறில்லை. அவ்வரலாற்றை மறந்தவர்களாக நாம் பட்டம்பெற்று வெளியேறுகிறோம் என்பதே எனது முறைப்பாடு.

வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின்கீழ் இந்நாட்டுத் தொழிலாளி ஒருவர் கீழ்ப்படியாமைக்காகவும் கடமையிற் கவனக்குறைவுக்காகவும் சிறைக்கு அனுப்பப்படலாம். தொழில் ஒப்பந்தத்தை மீறுவது குற்றவியற் குற்றமாக இருந்த காலம் அது. தோட்டத்தை விட்டு அனுமதியின்றி வெளியேறுவதும் அவ்வாறே. அக்காலத்துத் துரைமாரும் இதே கேள்வியையே கேட்டிருப்பர்: விதியை மீறியவனைத் தண்டிப்பதில் அநீதி எங்கே இருக்கிறது? கடனைக் காட்டித் தொழிலாளியை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குக் கைமாற்றிய துண்டு முறையும் எழுத்திலான ஒரு விதிமுறையே. அது 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எழுத்தில் இருக்கிறது என்பதனாலேயே ஒரு விதி நீதியாகிவிடுவதில்லை என்பதற்கு எம் மூதாதையரின் முதுகுகளே சாட்சி.

சிறைத்தண்டனை நீங்கிய பின்னரும் எசமான், வேலையாள் என்னும் உறவு மாறவில்லை. பொதுச்சட்டத்தின்படி, முறையற்று நீக்கப்பட்டவர் பெறக்கூடியது பெரும்பாலும் முன்னறிவித்தற் காலத்துக்கான சம்பளமே. வேலையை மீளக் கேட்க அவருக்கு உரிமையில்லை. இந்நிலையை மாற்றியது 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டமும், அதற்கு 1957இற் கொண்டுவரப்பட்ட 62ஆம் இலக்கத் திருத்தமுமாகும். அத்திருத்தத்தினாலேயே தொழில் நியாயசபைகள் தோன்றின. தனியொரு தொழிலாளி தானாகவோ தனது சங்கத்தின் மூலமாகவோ தன் வேலைநீக்கத்துக்கு எதிராக முறையிடும் வழி அப்போதுதான் திறந்தது.

அச்சட்டத்தின் இரு ஏற்பாடுகளை இங்கு குறிப்பிடுதல் அவசியம். நியாயசபை வழங்கவேண்டியது நீதியானதும் ஒப்புரவானதுமான கட்டளை என்று 31ஆம் பிரிவின் இ உட்பிரிவு கூறுகின்றது. சேவை ஒப்பந்தத்தில் எதிர்மாறாக எது இருப்பினும் நிவாரணம் வழங்கலாம் என்று அப்பிரிவின் ஆ உட்பிரிவு கூறுகின்றது. இதன் பொருளை நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும். 'நீ கையொப்பமிட்டாய்' என்னும் வாதத்துக்குச் சட்டமன்றம் அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே விடையளித்துவிட்டது. கையொப்பம் விசாரணையின் தொடக்கமேயன்றி முடிவன்று. நியாயசபைத் தலைவர் நீதித்துறை உத்தியோகத்தரா என்னும் பிணக்குக் கோமறைக் கழகம் வரை சென்றபோது, 1967இல் தேவநாயகம் வழக்கில், அவர் அத்தகையவர் அல்லர் என்று நீதியரசர் ஐவரில் மூவர் முடிவுசெய்தனர். அம்முடிவை ஏற்பினும் மறுப்பினும், சாதாரண நீதிமன்றம் போல ஒப்பந்தத்தின் வரிகளுக்குள் முடங்கிக் கிடப்பது இச்சபையின் வேலையன்று என்பது தெளிவு.

இனி, 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்துக்கு வருவோம். வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தல் தொடர்பான இச்சட்டத்தின்படி, பதினைந்து பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனமொன்று, ஒழுக்காற்றுக் காரணமல்லாத வேறெக்காரணத்துக்காகவேனும் ஒருவரை நிறுத்துவதாயின், அவரது எழுத்திலான சம்மதத்தைப் பெறவேண்டும். அன்றேல் தொழில் ஆணையாளரின் முன் அனுமதியைப் பெறவேண்டும். அனுமதியின்றி நிறுத்துதல் செல்லுபடியற்றது. ஆனால் ஒழுக்காற்றுத் தண்டனையாக நிறுத்தும்போது இந்த அனுமதி தேவையில்லை. இரண்டாவது வேலைநாள் முடிவடைவதற்குள் காரணத்தை எழுத்தில் அறிவித்தாற் போதுமானது.

ஆகவே வெளியேற்றுவதற்கு இரு வாசல்கள் உள்ளன. ஒன்றிற் காவலர் நிற்கிறார், மற்றொன்றில் எவருமில்லை. கட்டளைகள் குறைந்து ஆட்குறைப்புச் செய்ய விரும்பும் முதலாளி எந்த வாசலைத் தெரிவுசெய்வார் என்பதை ஊகிக்கப் பொருளியற் பட்டம் வேண்டியதில்லை. ஆட்குறைப்புக்கு ஆணையாளரின் அனுமதியும் நட்டஈடும் வேண்டும். விதிமீறலுக்கு வேண்டியது ஒரு விதிநூலும் ஒரு மீறலும் மாத்திரமே. விதிநூல் போதிய அளவு தடிப்பாக இருப்பின் மீறலைத் தேடி அலையவேண்டியதுமில்லை. எட்டு மணித்தியாலம் வேலைசெய்யும் எவரும் நாளொன்றுக்கு ஒரு விதியையாவது மீறாதிருக்க முடியாதபடி நூலை எழுதிக்கொள்ளலாம்.

இவ்விடத்தில் 'கொம்ப்ளயன்ஸ்' என்று தொழிற்சாலைகளில் வழங்கும் சொல்லைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 1978இற் கட்டுநாயக்காவில் முதலாவது சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியபின் ஆடைத்தொழில் பெருகியது. பின்னாளில், மேலைநாட்டு வாடிக்கையாளரின் வற்புறுத்தலால், கொள்வனவு நிறுவனங்கள் நடத்தைக் கோவைகளை வகுத்தன. சிறுவரை வேலைக்கு அமர்த்தலாகாது, மேலதிக நேரத்தைக் கட்டாயப்படுத்தலாகாது, தீப்பாதுகாப்பு இருத்தல் வேண்டும் என்பன அவற்றின் உள்ளடக்கம். அதாவது, இணங்கி ஒழுகவேண்டியவராகக் கருதப்பட்டவர் முதலாளியே. அச்சொல் மேலிருந்து கீழே இறங்கி வந்தபோது திசைமாறியது. இன்று தொழிற்சாலையில் அச்சொல்லைக் கேட்டவுடன் அஞ்சுபவர் தையல் இயந்திரத்தின் முன் இருப்பவரே. தொழிலாளியைப் பாதுகாக்கப் பிறந்த சொல் அவரை வெளியேற்றும் சொல்லாயிற்று.

பொதுப்படப் பேசுவது போதும். என் பெரியம்மாவின் மகளைப் பற்றிக் கூறுகிறேன். பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஆடைத் தொழிற்சாலைக்குச் சென்று அங்கு ஏழு ஆண்டுகள் உழைத்தவர் அக்கா. அவருடைய நான்கு வயதுக் குழந்தை பெரியம்மாவின் பராமரிப்பில் இருந்தது. குழந்தைக்குக் கடுங்காய்ச்சல் கண்டு ஆசுபத்திரியில் அனுமதித்த நாளன்று, கைத்தொலைபேசிகளைப் பூட்டி வைக்கும் பெட்டியில் தன்னுடையதை வைக்காமல் சட்டைப்பையில் வைத்திருந்தார். அது மணியடித்தது; அவர் எடுத்துப் பேசினார். விதியை மீறினார் என்பதில் ஐயமில்லை. அவரும் அதை மறுக்கவில்லை.

குற்றப்பத்திரம் ஆங்கிலத்தில் வந்தது. தொலைபேசியை வைத்திருந்தமை ஒரு குற்றம். உற்பத்தி நேரத்திற் பயன்படுத்தியமை இரண்டாவது. கையொப்பமிட்ட கொள்கையை மீறியமை மூன்றாவது. ஒரு செயல் மூன்றாக வெட்டப்பட்டது. விசாரணை செய்தவர் அதே கம்பனியின் மற்றொரு தொழிற்சாலையிலிருந்து வந்த அதிகாரி. விதிநூலின் கடைசிப் பக்கத்திலுள்ள கையொப்பம் உம்முடையதா என்று அவர் வினவினார். ஆம் என்றார் அக்கா. அந்த அழைப்பு யாரிடமிருந்து வந்தது என்று எவரும் வினவவில்லை. சாட்சி சொல்ல வந்த மேற்பார்வையாளரின் சட்டைப்பையிலும் ஒரு தொலைபேசி இருந்ததை அக்கா கண்டார். அதைச் சொல்ல அவருக்குத் துணிவு வரவில்லை. அவ்விரு மாதங்களில் அவருடைய வரிசையில் வேறு ஐவரும் வெவ்வேறு விதிமீறல்களுக்காக நீக்கப்பட்டனர். அவர்களுடைய இடங்களுக்கு எவரும் சேர்க்கப்படவில்லை. நான் மேலே கூறிய இரு வாசல்களை வாசகர் இங்கு நினைவிற் கொள்வாராக.

வேலைநீக்கக் கடிதம் லயத்துக்கு வந்தபோது நான் உயர்தர வகுப்பு மாணவன். வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. 'தவறான நடத்தை காரணமாக' என்று உரத்து மொழிபெயர்த்தேன். சட்ட மொழியில் அது ஒரு பொதுச்சொல். நேரம் பிந்தி வருவதும் அதற்குள் அடங்கும். ஆனால் வலயத்துக்கு வேலைக்குச் சென்று திரும்பிய பெண்ணொருத்தியைப் பற்றி லயத்தில் அச்சொற்கள் எவ்வாறு கேட்கப்படும் என்பதை நான் சிந்திக்கவில்லை. வாசலில் நின்ற அயலவர் ஒருவரையொருவர் பார்த்தனர். தொலைபேசியின் கதையைப் பெரியம்மா அதன்பின் எத்தனையோ முறை சொன்னார், நம்பியவர் சிலரே. வேலையை இழந்ததைவிட அந்த இரு சொற்களே அக்காவை அதிகம் வருத்தின. அவர் நியாயசபைக்குச் சென்றதும் பணத்துக்காக அன்று, அச்சொற்களை எடுத்துவிடுவதற்காகவே. இரவு பஸ்ஸில் ஏறி, தவணை பெற்றுத் திரும்பி, ஒவ்வொரு முறையும் கொழுந்து பறிக்கும் நாட்சம்பளத்தை இழந்து, மூன்றாவது ஆண்டில் ஒரு தொகைக்கு இணங்கினார். இணக்கத்தில் தொகை எழுதப்பட்டது. சொற்கள் அப்படியே இருந்தன.

இதனை வாசிப்போர், இஃது ஒரு தொழிற்சாலையின் குறை, ஓர் அதிகாரியின் கடினமனம் என்று ஒதுக்கிவிடலாம். நான் அவ்வாறு கருதவில்லை. அதிகாரி தனக்குத் தரப்பட்ட படிவத்தை நிரப்பினார், அவ்வளவே. குறை முறையிலேயே உள்ளது. அதனை நான்காக வகுத்துக் கூறலாம்.

முதலாவது, மொழி. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. தொழிற்சாலை வாயிலைத் தாண்டி அத்திருத்தம் உள்ளே செல்வதில்லை. தான் வாசிக்க முடியாத நூலை மீறியதற்காக ஒருவர் தண்டிக்கப்படுகிறார். இந்தியாவில் 1946இல் இயற்றப்பட்ட நிலையியற் கட்டளைச் சட்டம், நூறு பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் தொழிற்றலங்களின் விதிகளை அரசாங்க அதிகாரியொருவர் அத்தாட்சிப்படுத்த வேண்டும் எனவும், பெரும்பாலான தொழிலாளர் விளங்கிக்கொள்ளும் மொழியில் அவற்றைப் பார்வைக்கு வைக்கவேண்டும் எனவும் விதித்தது. இலங்கையின் தனியார் துறை முழுவதற்குமான அத்தகைய சட்டம் எம்மிடம் இல்லை. விதியை எழுதுபவர், அச்சிடுபவர், அதற்குப் பொருள் கூறுபவர், தண்டிப்பவர் ஆகிய நால்வரும் இங்கு ஒருவரே.

இரண்டாவது, விசாரணை. தனியார் துறையில் உள்ளக விசாரணை நடத்தியே தீரவேண்டும் என்று எச்சட்டமும் கூறவில்லை. நியாயசபை சாட்சியங்களைப் புதிதாகவே கேட்கிறது. இதனாற் கம்பனிகள் உள்ளக விசாரணையைச் சடங்காகக் கருதுகின்றன. தன் நடத்தைபற்றிய குற்றச்சாட்டுக்கு விடையளிக்க வாய்ப்பளிக்காமல் ஒருவரை நீக்கலாகாது என்று சர்வதேசத் தொழில் தாபனத்தின் 1982ஆம் ஆண்டின் 158ஆம் இலக்கச் சமவாயம் கூறுகின்றது. இலங்கை அதனை ஏற்றுறுதி செய்யவில்லை.

மூன்றாவது, பாரபட்சம். எல்லோரும் மீறும் விதி எவருக்கு எதிராகப் பிரயோகிக்கப்படுகிறது என்பதே கேள்வி. சங்கம் அமைக்க முயன்றவர், கருவுற்றவர், சேவைக்காலம் நீண்டதாற் பணிக்கொடை ஏறியவர் ஆகியோரின் மீறல்கள் மாத்திரம் கண்ணிற் படுமாயின், அங்கு காக்கப்படுவது விதியன்று.

நான்காவது, அளவு. எச்சரிக்கை, சம்பள உயர்வை நிறுத்தல், தற்காலிக இடைநிறுத்தம் எனப் படிகள் பல இருக்க, கடைசிப் படிக்கு ஒரே தாவலிற் செல்வதற்கு நியாயம் காட்டவேண்டியவர் தொழில்தருநரே. வேலைநீக்கம் தொழிலுலகின் மரணதண்டனை. அதற்குமேல் அவரிடம் வேறு தண்டனை இல்லை.

எதிர்வாதங்களை நான் மறைக்கப்போவதில்லை. கொதிகலனுக்கு அருகிற் புகைப்பவரையும், மருந்துப் பொதியில் தேதியை மாற்றுபவரையும், வாடிக்கையாளரின் பணத்தைக் கையாடும் வங்கி எழுதுவினைஞரையும் எச்சரித்து விடுங்கள் என்று நான் கூறவில்லை. வங்கி ஊழியரிடம் உயர்ந்த நேர்மை எதிர்பார்க்கப்படும் என்று எமது நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன, அது சரியே. பாதுகாப்பு விதி இல்லாத தொழிற்சாலையில் முதலில் இறப்பவர் தொழிலாளியே. தொலைபேசித் தடைக்கும் காரணம் உண்டு. ஓடும் ஊசிக்கு முன் கவனம் சிதறினால் விரல் போகும். ஆகவே விதிகள் வேண்டாம் என்பதன்று வாதம். விதியின் நோக்கம் எதுவோ அதனைக் கொண்டே மீறலை அளக்கவேண்டும் என்பதே. விரலைக் காப்பதற்கென வந்த விதி, விரலுக்கு ஊறு நேராத ஒரு நிமிடத்துக்காக முழுமனிதரையும் வெட்டியெறியுமாயின், அது தன் நோக்கத்தைத் தானே மீறிய விதி.

மற்றொரு வாதமும் உண்டு: பாதிக்கப்பட்டவர் நியாயசபைக்குச் செல்லலாமே? செல்லலாம். வேலைநீக்கத்தை ஒப்புக்கொண்ட தொழில்தருநரே அதனை நியாயப்படுத்த வேண்டும் என்பதும் உண்மை. எனினும், அசோசியேற்றட் பற்றரி வழக்கில் 1975இல் உயர் நீதிமன்று, நடத்தைக் குற்றத்தை ஐயத்துக்கிடமின்றி எண்பிக்க வேண்டியதில்லை. நிகழ்தகவின் சமநிலை போதும் என்று கூறிற்று. எண்பித்தல் இலகுவாயின் தண்டித்தல் கடினமாயிருக்க வேண்டும் என்பதே ஒப்புரவு. நடைமுறையில் இரண்டும் இலகுவாகவே உள்ளன. அதன்மேல் தாமதம். மேன்முறையீடு மாகாண மேல் நீதிமன்றத்துக்கும், அதன்பின் உயர் நீதிமன்றுக்கும் செல்லக்கூடும். கம்பனிக்குக் காத்திருத்தல் ஒரு செலவினம். தொழிலாளிக்கு அது பட்டினி. இறுதியில் மீளமர்த்தலுக்குப் பதிலாக நட்டஈடு. அதாவது, அநீதிக்கு ஒரு விலை குறிக்கப்படுகிறது. வசதியுள்ளவர் அதனை வாங்கிக்கொள்கிறார். மனிதவலு முகவர் மூலம் வேலைக்கு வந்தவரின் நிலை இதனினும் கொடியது. தன்னை நீக்கியவர் யார் என்பதையே அவர் முதலில் எண்பிக்க வேண்டியுள்ளது.

தொழிற்சங்கங்களும் இதற்குப் பொறுப்பாளிகளே. சம்பள உயர்வுக்காகக் கோஷமிடும் சங்கம், விதிநூல் எழுதப்படும் மேசையில் தனக்கோர் ஆசனம் கேட்பதில்லை. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தின் பின்னர் பல்லாயிரக்கணக்கானோர் விசாரணையேதுமின்றிப் பதவியை வெறிதாக்கியவராகக் கருதப்பட்டு வீதிக்கு வந்தனர். அந்த அடியிலிருந்து சங்கங்கள் எழுந்தன என்று கூறுவதற்கில்லை. அச்சம் மரபாகிவிட்டது.

செய்யவேண்டியவை கடினமானவையல்ல. தொழிற்றல விதிநூல் தொழிலாளியின் மொழியில் இருத்தல் வேண்டும். இல்லாவிடின் அதன்கீழ் எவரையும் தண்டிக்கலாகாது. தொழில் ஆணையாளரின் பரிசீலனையும் தொழிலாளர் பிரதிநிதிகளின் கலந்தாலோசனையும் இன்றி அது செல்லுபடியாகலாகாது. உள்ளக விசாரணை சட்டத்தால் கட்டாயமாக்கப்பட வேண்டும். விசாரிப்பவர் கம்பனியின் சம்பளம் பெறாதவராயிருத்தல் வேண்டும். தொழிலாளி தாம் விரும்பும் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லலாம். சிறு மீறலுக்கு முதற்றடவையில் வேலைநீக்கம் விதிக்கலாகாது. ஒழுக்காற்று வேலைநீக்கங்கள் அடுத்தடுத்து நிகழுமிடத்து, அவை மறைமுக ஆட்குறைப்பா என்று விசாரிக்க ஆணையாளருக்குக் கடமை இருத்தல் வேண்டும். காவலரற்ற வாசலிலும் ஒரு காவலரை நிறுத்துவதே இதன் பொருள். வேலைநீக்கக் கடிதத்திற் செயல் எதுவோ அதுவே எழுதப்பட வேண்டும். தொலைபேசியிற் பேசினார் என்றால் தொலைபேசியிற் பேசினார் என்றே.

இதனை ஏன் பல்கலைக்கழக மலரொன்றில் எழுதுகிறேன் என்று சிலர் கேட்கலாம். தொழிற்சாலைத் தொழிலாளி இம்மலரை வாசிக்கப்போவதில்லை. உண்மையே. ஆனால் விதிநூலை எழுதுபவர் வாசிப்பார். எமது பீடத்திலிருந்து வெளியேறுவோரிற் பலர் ஆசிரியராவர். வேறு பலர் மனிதவளப் பிரிவு, நிருவாகப் பிரிவு என்னும் பெயர்ப்பலகைகளின் கீழ் அமர்வர். குற்றப்பத்திரத்தைத் தட்டச்சுச் செய்வதும், விசாரணைக் குறிப்பை எழுதுவதும், 'தவறான நடத்தை' என்ற சொற்களைத் தெரிந்தெடுப்பதும் அவர்களுடைய அன்றாடக் கடமையாகும். விரிவுரையாளரிற் சிலர் வெளி விசாரணை அதிகாரிகளாக அழைக்கப்படுவதும் உண்டு. மேசையின் எப்பக்கத்தில் எவர் அமர்வார் என்பதைப் பிறப்பும் பரீட்சையும் தீர்மானிக்கின்றன. அக்கா க.பொ.த. சாதாரண தரத்துடன் நின்றார். நான் இங்கு வந்தேன். வேறுபாடு அவ்வளவே.

விடுதியிற் கேள்வி கேட்ட நண்பருக்கு அன்று நான் விடை கூறவில்லை. கூறியிருந்தால் கோபத்தில் கூறியிருப்பேன். இன்று கூறுகிறேன். விதியை மீறியவரை நீக்குவதில் அநீதி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதனை அறிய வேண்டுமாயின், அவர் ஏன் மீறினார் என்று கேட்க வேண்டும். அந்த அழைப்பு யாரிடமிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். அதனைக் கேட்காமல் கடிதத்தில் ஒப்பமிடுபவர் எவராயினும், அவர் பட்டதாரியாயினும், இலக்கியம் கற்றவராயினும், 1865ஆம் ஆண்டின் துரையின் நாற்காலியிலேயே அமர்ந்திருக்கிறார்.